ஏர்லீன் என்றால் இடது தோள்

ஒமாஹா, நெப்ராஸ்கா
1966 செப்டம்பர் 28

அன்புள்ள லெம்,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதை மெல்லச் சொல்கிறேன். ஏர்லீனுக்கு என் அன்பு. உன் மாமியார் ஹேட்டி அம்மாவுக்கு என் வணக்கமும் கொஞ்சம் பயமும்.

சொல்லிக்கொள்ளாமல் ஓடிவிட்டான் என்று நீ பொருமிக்கொண்டிருப்பாய். சொல்ல எங்கே விட்டார்கள்? போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் டீம் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தேன். உதவிக் கோச் கதவருகில் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, "ஹோரஸ், மேல கூப்பிடுறாங்க. ஆட்டப் புத்தகத்தையும் கையோட எடுத்துட்டு வா" என்றான். புத்தகத்தோடு கூப்பிட்டால் கதை முடிந்தது என்று நமக்குத் தெரியாதா? பாதி முகத்தில் நுரையோடு மேலே போனேன். மத்தியானம் விமானத்தில் இருந்தேன். அடுத்த வருஷம் கல்லூரிக் கால்பந்திலிருந்து வரப்போகிற ஏதோ ஒரு பையனுக்காக டோலிடோ டீம் என்னை ஒமாஹா டீமிடம் கொடுத்துவிட்டது. அந்தப் பையன் யார் என்று அவர்களுக்கே இன்னும் தெரியாதாம். முகம் தெரியாத ஒருவனுக்கு நான் சரிசமமான விலை, பார்த்துக்கொள்.

மாட்டேன் என்றால் வேறு எந்த டீமும் என்னைத் தொடக்கூடாது. ஆடினால் ஒமாஹா, இல்லையென்றால் வீடு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது நாம் இரண்டு பேரும் அதைப் படிக்காமல் பேனாவின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கே வீடு தேடினேன். போனில் கேட்கும்போது காலியாக இருக்கிற வீடு, நான் நேரில் போய் நிற்பதற்குள் நிறைந்துவிடுகிறது. கடைசியில் நம் கறுப்பு ஆட்கள் இருக்கும் வடக்குத் தெருவில், டாலிவர் அம்மாள் என்ற விதவையின் மாடியறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் செங்கல் சுவர். காற்று திரும்பினால் மாட்டுச் சந்தை நாற்றம். கொரீனும் பிள்ளைகளும் ஷ்ரீவ்போர்ட்டிலேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன்.

என் கவலையெல்லாம் உன்மேல்தான். எனக்குப் பதிலாக உன் பின்னால் இப்போது யார் நிற்கிறான்? யாராக இருந்தாலும் நம் கூவலைச் சொல்லிக்கொடுத்துவிடு. ஓரத்தில் காவல் நிற்கிற நீ உன் ஆளைப் பார்த்து ஓடவேண்டியவன். எதிராளி எறிகிற பந்து உன் முதுகுக்குப் பின்னால் வருகிறது. கடைசிக் காவலில் நிற்கிறவன்தான் அதை முதலில் பார்ப்பான். இடது தோளுக்கு மேலே வந்தால் "ஏர்லீன்!" வலது தோளுக்கு மேலே வந்தால் "ஹேட்டி!" பெண்டாட்டி இதயம் இருக்கிற பக்கம், மாமியார் எதிர்ப் பக்கம், மறக்கவே மறக்காது என்று சொல். எதிராளி மண்டையை உடைத்துக்கொண்டாலும் புரியாது.

போன டிசம்பரில் அந்தச் சேற்றில் எவனோ ஒருவனுடைய விரல் உன் தலைக்கவசத்துக்குள் புகுந்ததிலிருந்து அந்தக் கூவல் உனக்கு வெறும் உதவி இல்லை. இடது பக்கம் நான்தான் உன் கண்ணாக இருந்தேன். எனக்குத் தெரிந்ததை நான் கொரீனிடம்கூடச் சொல்லவில்லை. நீ ஏர்லீனிடமாவது சொல்லிவிட்டாயா?

கர்த்தர் உன் பக்கம் நிற்கட்டும், முக்கியமாக இடது பக்கம்.

உன்
ஹோரஸ்


டோலிடோ, ஒஹாயோ
1966 அக்டோபர் 6

அன்புள்ள ஹோரஸ்,

கடிதம் வந்தது. ஏர்லீன் வாங்கி முகர்ந்து பார்த்து, "மாட்டு நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது" என்றாள். எல்லோரும் சுகம். கடிதம் என்றால் எனக்கு நாலு வரிக்கு மேல் ஓடாது என்று உனக்குத் தெரியும். ஆனால் பேச இங்கே வேறு ஆளில்லை, எழுதித் தொலைக்கிறேன்.

உன் இடத்தில் கெஸ்லர் என்று ஒருவனை நிறுத்தியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன். அயோவாப் பண்ணையில் வளர்ந்தவன். குணத்தில் தங்கம், என்னைப் பெயர் சொல்லி மரியாதையாகத்தான் கூப்பிடுகிறான். வாய்தான் திறக்கமாட்டான். கூவலைச் சொல்லிக்கொடுத்தேன். காது வரைக்கும் சிவந்துவிட்டான்.

"லெமுவேல், தப்பா நினைக்காத. ஊரே பார்க்குற இடத்துல உன் சம்சாரத்து பேரை நான் எப்படிக் கத்துறது?"

"மாமியார் பேரைக் கத்து. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"பன்னி மேய்க்கிறவன்தான்யா அப்படிக் கத்துவான். நாங்க அதுக்கே விசில்தான் அடிப்போம்."

முடிந்தது போ. ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்து என் இடது தோளுக்கு மேலே வந்தது. நான் தலையைத் திருப்பியபோது என் ஆள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான். வழுக்கிவிட்டது என்று கோச்சிடம் சொன்னேன். தரை காய்ந்து கிடந்தது. அவர் என் காலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், நகர்ந்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை எல்லோருக்கும் கண் பரிசோதனை என்றார்கள். டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொன்னபோது இடது கையால் இடது கண்ணை மூடிக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அடுத்த கண் என்றார். வலது கையைத் தூக்கி மறுபடியும் அதே இடது கண்ணை மூடினேன். கிழவர் எழுதிக்கொண்டே இருந்தார், நிமிரவே இல்லை. "கழுகுக் கண்ணுப்பா உனக்கு" என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

ஏர்லீனிடம் சொல்லவில்லை. காபியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினேன். "குடிச்சிருக்கியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நான் தேவாலயத்தில் உறுதிமொழி எடுத்து அந்தப் பக்கமே போகாதவன் என்று உனக்குத் தெரியும். குடிகாரன் என்ற பெயர் இருக்கட்டும், குருடன் என்ற பெயர் வேண்டாம்.

இடது பக்கம் இப்போது ஈரக் காகிதம் ஒட்டிய கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. களத்தில் நிற்கும்போது அந்தப் பக்கம் ஒரு சுவர் நிற்கிறது ஹோரஸ், அது ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கிட்டே வருகிறது. உனக்காவது உன் சுவர் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது.

லெம்


ஒமாஹா
1966 அக்டோபர் 19

அன்புள்ள லெம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கெஸ்லரை நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். கீழே இருந்து டாலிவர் அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள். அதன்பிறகு கண் பரிசோதனைப் பகுதிக்கு வந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

லெம், டாக்டரிடம் சொல்லிவிடு. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிப் பேசுகிறேன் என்று உதட்டைச் சுழிக்காதே. சீசன் இல்லாத மாதங்களில் நான் வாத்தியார்தானே. அந்தப் பக்கமிருந்து உன்னை மோத வருகிறவனும் உனக்குத் தெரியமாட்டான். பந்து போனால் ஒரு ஆட்டம் போகும். கழுத்து போனால்?

இங்கே என் நிலைமை சொல்லும்படி இல்லை. பெஞ்சில்தான் முக்கால்வாசி நேரம். கடைசிக் காவல் மூளையால் ஆடுகிற இடமாம், நம் ஆட்களை நம்பி அங்கே நிறுத்த இங்குள்ள கோச் பிராண்ட்டுக்கு மனசு வரவில்லை. அப்புறம் எதற்கு என்னை வாங்கினார் என்று நானே யோசித்தேன். போன வாரம்தான் உறைத்தது. நவம்பர் இருபதாம் தேதி ஒமாஹா டோலிடோவுக்கு வருகிறது.

நமக்கு இது தெரியாததா? பர்விஸ் ஞாபகம் இருக்கிறதா? அவனுடைய பழைய டீமோடு நாம் ஆடின அந்த வாரம் நம் கோச் அவனை விருந்துக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் கறந்துகொண்டு வந்தார். ஓரக்காவலில் இருந்த அவன் சிநேகிதனுக்கு வலது முழங்காலில் பயம், அந்தப் பக்கம் சட்டென்று திரும்பமாட்டான் என்று பர்விஸ்தான் சொன்னான். நாம் அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கமே அடித்தோம். அந்த ஆள் அதற்கப்புறம் எங்கேயும் ஆடியதாகத் தெரியவில்லை. பர்விஸ் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "என்னடா பால்மாடு, இன்னும் ஒரு செம்பு கறக்கலாமா?" என்று நாம் இரண்டு பேரும் அவனைச் சீசன் முடிகிற வரைக்கும் கேலி செய்தோம். எனக்கு இப்போது அந்தத் துண்டு அடிக்கடி கண்ணுக்கு முன்னால் வருகிறது.

பிராண்ட் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் மட்டும், "சாப்பாடெல்லாம் பிடிக்குதா ஹோரஸ்?" என்று விசாரிக்கிறார். முன்பு என் பெயரே அவருக்குத் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன். அந்தத் தேதிக்கு முன்னாலேயே நீ டாக்டரிடம் போய்விட்டால் என்னிடம் கறக்க எதுவும் இருக்காது. உனக்கும் நல்லது. எனக்கும்.

ஏர்லீனுக்கும் அம்மாவுக்கும் அன்பு.

ஹோரஸ்


டோலிடோ
1966 அக்டோபர் 30

ஹோரஸ்,

"உனக்கும் நல்லது, எனக்கும்" என்று எழுதியிருக்கிறாய். அந்த "எனக்கும்" கடைசியில் மெதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. பார்த்தேன்.

சொல்லிவிட்டு நான் எங்கே போவது? உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது. எனக்குச் சர்க்கரை ஆலை. அப்பாவும் அண்ணனும் அந்தக் கொதிகலன் பக்கத்தில்தான் வெந்தார்கள். நான் கல்லூரிக்குப் பெட்டி கட்டிய அன்றைக்கு லாண்ட்ரி என்கிற ஆலை மேஸ்திரி வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "போ, போ. நல்லா ஓடு. ஓடி முடிச்சதும் இங்கதான் வரணும். உன் மண்வெட்டியை யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்." ஒவ்வொரு கோடையிலும் ஊருக்குப் போகும்போது அவன் என்னைப் பார்த்து மண்வெட்டி பிடிக்கிற மாதிரிக் கையைக் காட்டுவான். நானும் சிரித்துவைப்பேன். இரண்டு கண்ணும் இருக்கும்வரைக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷ ஒப்பந்தம் ஒன்று கிடைத்தால் போதும். அதற்குள் கண் தேறலாம், தேறாமலும் போகலாம், ஊரில் வேறு ஏதாவது தொழில் பார்க்கலாம். ஒரே ஒரு வருஷம்தான் கேட்கிறேன்.

நான் இதுவரைக்கும் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. வெளியூர் ஆட்டங்களுக்குப் போன அறைகளில் உன் குறட்டையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இப்போது ஒன்று கேட்கிறேன். பிராண்ட் என்ன போட்டாலும் சாப்பிடு. வாயை அதற்கு மட்டும் திற.

சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் டீம் இங்கே வந்துவிடும் இல்லையா? வழக்கம்போல வீட்டுக்கு வந்துவிடு. ஏர்லீன் நம் ஊர் இறால் கம்போக் குழம்பு வைக்கிறாள். இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் நல்ல வெண்டைக்காய்க்கு எங்கே போவது என்று இப்போதே புலம்புகிறாள். மாமியார் உனக்கு அத்திப்பழக் கேக் செய்யப்போகிறாளாம். நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனக்கு அவள் ஒரு ரொட்டிகூடச் சுட்டதில்லை.

கட்டாயம் வா.

லெம்


ஒமாஹா
1966 நவம்பர் 15

அன்புள்ள லெம்,

சுருக்கமாக எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே பனி தொடங்கிவிட்டது. டாலிவர் அம்மாளுக்குக் காய்ச்சல், நான்தான் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறேன்.

சனிக்கிழமை வரமுடியாது. கோச் யாரையும் விடுதியை விட்டு அனுப்பமாட்டாராம். கம்போவுக்காக ஏர்லீன் மெனக்கெட வேண்டாம் என்று சொல். ஹேட்டி அம்மாவிடமும் சொல்லிவிடு.

நேற்று பிராண்ட் என்னை வெளியே சாப்பிட அழைத்துப்போனார். பெரிய இடம், மேஜைக்கு மேஜை விளக்கு. டீமில் ஒருவனைக் குறைக்கப்போகிறார்களாம். கொரீன் வீட்டு வாடகையைப் பற்றியும் சின்னவனின் இருமலைப் பற்றியும் எழுதியிருந்தாள். நான் ஏன் இதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் ஆளை விட்டு நாலடி தள்ளியே நில், லெம். அவன் வேகமானவன். கெஸ்லரை இடது பக்கமே நிற்கச் சொல். வாயைத் திறந்து கத்தச் சொல், என்ன வேண்டுமானாலும் கத்தட்டும்.

உன்
ஹோரஸ்


டோலிடோ
1966 நவம்பர் 23

ஹோரஸ்,

"அன்புள்ள" என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

வியாழக்கிழமை உன் கடிதம் வந்தபோதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும். "பாவம், பயப்படுறான், கோச் கண்டிப்பு போல" என்று உனக்காக ஏர்லீனிடம் நான் பரிந்து பேசினேன். அவள் அப்போதும் கம்போ வைத்தாள். ஒருவேளை தப்பி வந்துவிடுவாய் என்று ஒரு தட்டையும் போட்டுவைத்தாள்.

உங்கள் ஆட்கள் முதல் தடவை பந்தைத் தொட்டதும் நேராக என் பக்கம் வந்தது. நீளமாக, உள்பக்கமாக, என் இடது தோளுக்கு மேலே. முதல் எறியிலேயே யாரும் அப்படி எறியமாட்டார்கள். ஒரு ஆளை நோட்டம் பார்த்து, இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் எறிவார்கள். உங்கள் எறிகாரன் தன் வீட்டுக்குப் போகிற வழி தெரிந்தவன் மாதிரி எறிந்தான். பந்து போன அந்த நொடியிலேயே நீ சொல்லிவிட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் ஓடியது சும்மா ஓடியதுதான்.

இரண்டாவது தடவை என் ஆள் பந்தோடு கோட்டைத் தாண்டிவிட்டான். ஜனங்கள் என் பெயரைச் சொல்லி ஊளையிட்டார்கள். கோச் என் தலைக்கவசத்தின் கம்பியைப் பிடித்து இழுத்து, "என்னடா ஆச்சு உனக்கு? பந்து உன் மூக்குக்கு முன்னாடி போகுது, நீ யார் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துட்டு நிக்கிறே?" என்றார். கெஸ்லர் பக்கத்தில் வந்து, "கத்தணும்னுதான் நினைச்சேன், சத்தியமா" என்றான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் என்னோடு நாலு வருஷம் ஒரே அறையில் தூங்கியவன் இல்லை.

உங்கள் பெஞ்சை நான் பார்க்கவே இல்லை. பார்த்தால் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தேன்.

கடைசிப் பகுதியில் நாங்கள் கொஞ்சம்தான் முன்னிலையில் இருந்தோம். அந்தப் பந்து எங்கள் கதையை முடிக்க வந்த பந்து. உன் டீமின் பெஞ்சை ஒட்டினாற்போல அந்த ஓரத்தில் என் ஆள் ஓட, நான் அவன் பின்னால் ஓட, இடது பக்கம் முழுக்கச் சுவர். எல்லாம் போய்விட்டது, லாண்ட்ரி ஜெயித்துவிட்டான் என்று நினைத்தேன்.

அப்போது கேட்டது. "ஏர்லீன்!"

அத்தனை இரைச்சலிலும் கேட்டது. தொண்டை கிழிகிற மாதிரி. நான் யோசிக்கவில்லை, ஹோரஸ். நாலு வருஷப் பழக்கம். தலையை முழுசாகத் திருப்பினேன். பந்து என் கைக்குள் வந்து உட்கார்ந்தது. அப்படியே கோட்டுக்கு வெளியே சறுக்கி உங்கள் ஆட்களின் பூட்ஸ் காலுக்கு நடுவே போய் விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் நீ. வாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தாய். பிராண்ட் என்னைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஜெயித்தோம். நேற்று பத்திரிகையில் என் படம் போட்டு, "பழைய புலி இன்னும் பாய்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். உன்னைப் புத்தகத்தோடு கூப்பிட்டுவிட்டார்கள் என்று கெஸ்லர் யாரிடமோ கேட்டுவந்து சொன்னான். உன் ஷ்ரீவ்போர்ட் முகவரிக்கு எழுதுகிறேன்.

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். நன்றி சொல்லவும் உட்கார்ந்தேன். இரண்டும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கின்றன, எதையும் எழுத முடியவில்லை. நீ எனக்கு எழுதாதே. எழுதாமலும் இருக்காதே.

லெமுவேல்


ஷ்ரீவ்போர்ட், லூயிசியானா
1966 நவம்பர் 29

அன்புள்ள லெம்,

நீ போடாவிட்டாலும் நான் போடுகிறேன்.

ஆமாம், சொன்னேன். இறைச்சி மேஜைக்கு வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். பிராண்ட் சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "உனக்கு அந்தப் பக்கத்து ஓரக்காரனை நல்லாத் தெரியும்ல? ஒண்ணும் இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. அப்ப நாளைக்கு புத்தகத்தோட ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றார். வெண்ணெய் தடவி முடிப்பதற்குள் நான் உன் இடது கண்ணை அந்த மேஜைமேல் வைத்துவிட்டேன். அப்புறம் இறைச்சி வந்தது. அதையும் தின்றேன், லெம். நீ சாப்பிடு என்றுதானே எழுதியிருந்தாய். எழுந்து போகக் கால் வரவில்லை. இத்தனைக்கும் கதவு திறந்துதான் இருந்தது.

கூவியதற்காக என்னை நல்லவன் ஆக்கிவிடாதே. நான் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பேன், அதுதான் உண்மை. நீ முதுகைக் காட்டி ஓடுகிறாய், பந்து உன் இடது தோளுக்கு மேலே வருகிறது, என் வாய் தானாகத் திறந்துவிட்டது. நான் எந்தச் சட்டை போட்டிருக்கிறேன் என்று அதற்கு ஞாபகம் இல்லை.

அன்றைக்கு பஸ்ஸில் ஒருத்தரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. பிராண்ட் முன்சீட்டிலிருந்து எழுந்து நின்று திரும்பிப் பார்த்தார்.

"யாருய்யா அந்த ஏர்லீன்?"

"என் சிநேகிதன் பொண்டாட்டிங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. பின்சீட்டில் ஒருவன், "அவ புருஷனுக்கு விஷயம் தெரியுமாடா?" என்றான். பிராண்ட் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் நான் ஆட்டப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூப்பிடுவதற்கு முன்பே போய் அவர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். வேறு எந்த டீமும் என்னைத் தொடாது. சொந்த பெஞ்சிலிருந்து எதிராளிக்குக் கூவுகிறவன் யாருக்கு வேண்டும்?

டாலிவர் அம்மாள் வழியில் சாப்பிடக் கோழி பொரித்துக் கட்டிக்கொடுத்தாள். இங்கே கொரீன் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். சின்னவனின் இருமல் தேவலை. ஜனவரியில் பள்ளிக்கூடம் என்னைச் சேர்த்துக்கொள்கிறதாம்.

நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்கமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். அந்தப் படத்தை நம்பிவிடாதே. அங்கே இனிமேல் கூவுகிறதற்கு யாரும் இல்லை.

ஹோரஸ்


டோலிடோ
1966 டிசம்பர் 7

அன்புள்ள ஹோரஸ்,

போட்டுவிட்டேன், பார். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. ஒருநாள் வரலாம். வராமலும் போகலாம். நீ அந்த இறைச்சியைத் தின்றது என் தொண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை கோச் என்னை மேலே கூப்பிட்டார். புத்தகம் இல்லாமல். உள்ளே முதலாளியும் உட்கார்ந்திருந்தார். சுருட்டு கொடுத்தார்கள். அடுத்த வருஷ ஒப்பந்தம் மேஜைமேல் விரித்து வைத்திருந்தது. "அந்தப் பந்தைப் பிடிச்சே பாரு, அதுக்குத்தான்யா இது" என்றார் முதலாளி. நான் கேட்ட அதே ஒரு வருஷம். பேனாவும் பழைய பேனா மாதிரியே அழகாக இருந்தது.

கையில் எடுத்தேன். லாண்ட்ரியின் முகம் வந்தது. மண்வெட்டி வந்தது. போடத்தான் போனேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பந்தை நான் எங்கே பிடித்தேன்? நீ பார்த்தாய், நான் கையை நீட்டினேன். உன் கண்ணுக்கு என் பெயரில் எப்படிக் கையெழுத்துப் போடுவது? பேனாவை வைத்துவிட்டு, "டாக்டரைப் பார்த்துட்டு வந்து போடுறேனே" என்றேன். முதுகு வலி என்று நினைத்து இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கிழவர் தனியாகத்தான் இருந்தார். கண்ணைப் பாருங்கள் என்றேன். "கழுகுக்கு எதுக்குய்யா இன்னொரு பரிசோதனை?" என்றார். எழுதுகிறதை நிறுத்திவிட்டு என் கையைப் பாருங்கள் என்று சொல்லி, இந்தத் தடவை வலது கையால் வலது கண்ணை மூடினேன். எதிரே சுவர் இருந்தது. அதில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமே இல்லையே என்றேன். எழுத்து அட்டை அங்கேதான் தொங்குகிறது என்று சொல்லிப் பேனாவை மூடிவைத்தார்.

வீட்டுக்கு வந்து ஏர்லீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தேன். "அப்ப நீ குடிக்கவே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம்தான் அழுதாள். மாமியார் அடுத்த அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்து, "வலது பக்கத்துக்கு என் பேரா? அது தெரியாமப் போச்சே எனக்கு" என்றாள். கோபமா சந்தோஷமா என்று இன்னும் தெரியவில்லை. சாயங்காலம் எனக்கு ரொட்டி சுட்டாள்.

டீமை விட்டு வெளியே வந்துவிட்டேன். ஆனால் விடுதலை ஆன மாதிரி இல்லை. இங்கே ஒரு சுவர், அங்கே ஆலைச் சுவர், நடுவில் ஒரு ரயில் பயணம், அவ்வளவுதான். லாண்ட்ரி சிரிப்பான். சிரிக்கட்டும், இடது பக்கம் நின்று சிரித்தால் எனக்குத் தெரியாது.

ஊருக்குப் போகிற வழியில் பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை ஷ்ரீவ்போர்ட்டில் வண்டி மாறுகிறோம். அடுத்த வண்டி சாயங்காலம்தான். அன்றைக்கு நீ சாப்பிடாமல் போன கம்போவை உன் வீட்டு அடுப்பில் வைத்துத் தருவதாக ஏர்லீன் சொல்கிறாள். அத்தனை ஜனங்களுக்கு முன்னால் தன் பெயரைக் கத்தியவனை நேரில் நாலு கேள்வி கேட்கவேண்டுமாம்.

நீ ரயிலடிக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால், கூட்டமாக இருக்கும், நீ எந்தப் பக்கம் நிற்பாய் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்காமல் போனால் கோபம் என்று நினைத்துத் திரும்பிவிடாதே. அவள் பெயரைச் சொல்லிக் கத்து. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறோம்.

லெம்